தன்னை முதலில் பார்த்தவர் – டாக்டர் ஐடா ஸ்கடர்



நம்ம ஊரிலிருந்து பெங்களூர் ரோட்டில் போகும் வேலூர் பஸ்ஸில் ஏறினால் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போகலாம். எங்க ஆயாவுக்குக் கண் ஆபரேஷன் அங்கேதான் செஞ்சாங்க. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் 1870 டிசம்பர் 9ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்கக் குடும்பம். தாத்தாவும் அப்பாவும் மிஷனரி டாக்டர்கள். ஆனால் ஐடாவுக்கு அந்த வாழ்க்கை பிடிக்கவில்லை. அமெரிக்காவில் படித்து அங்கேயே வசதியாக வாழ ஆசைப்பட்டார். 1890இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். சீக்கிரம் திரும்பிப் போகிற எண்ணத்தில்தான் வந்தார்.

அங்கே இருந்தபோது ஒரு நாள் ராத்திரி மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மூன்று பேர் மனைவிக்கும் பிரசவம் கஷ்டமாகிவிட்டது. ஐடா தன் அப்பாவை அழைத்துப் போகச் சொன்னார். ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று மூன்று பேருமே மறுத்துவிட்டார்கள். ஐடா டாக்டருக்குப் படிக்கவில்லை. அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஜெபம் செய்தார். விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு அந்த ஆண்கள் மேல்தான் கோபம் வந்தது. ஐடா அவர்களைக் குறை சொல்லிவிட்டுக் கப்பல் ஏறியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தான் ஏன் டாக்டராகக் கூடாது என்று தன்னைத்தான் யோசித்தார். படிக்கப் போகிறேன் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

1899இல் அமெரிக்காவில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்தார். 1900இல் வேலூரில் ஒரு சின்ன அறையில் வைத்தியம் தொடங்கினார். 1902இல் 40 படுக்கையோடு ஷெல் ஆஸ்பத்திரி வந்தது. 1909இல் நர்ஸ் பயிற்சி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. 1922இல் முதல் செட்டில் 14 பெண்கள் டாக்டரானார்கள். அவர் 1960 மே 24இல் கொடைக்கானலில் காலமானார்.

தன் கண்ணில் கட்டையை வெச்சுக்கிட்டு அடுத்தவர் கண்ணில் துரும்பு எடுக்கப் போகக் கூடாது என்று இயேசு மலைப் பிரசங்கத்தில் சொன்னார். துரும்பை அப்படியே விடச் சொல்லவில்லை. நம்ம கட்டையை எடுத்தால்தான் கண் தெரியும், அப்புறம் உதவலாம் என்றார். ஐடா செய்தது அதுதான்.

நான் வகுப்புத் தலைவி. பேசுறவங்க பேரை போர்டில் எழுதுவேன். என் பேரை ஒரு நாளும் எழுதியதில்லை. தினமும் லேட்டாக வரும் ஒரு தோழியை எல்லார் முன்னாடியும் சோம்பேறி என்று சொன்னேன். அவள் அழுதாள். அவ அம்மா ஒரகடம் கம்பெனிக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் போறாங்க. இவதான் தம்பியைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, அங்கன்வாடியில் விட்டுட்டு வரணும். பக்கத்துத் தெருவில் இருக்கிற எனக்கு இது நல்லாத் தெரியும். தெரிஞ்சும் சொன்னேன். அரைப் பரீட்சையில் கணக்கில் அவ என்னைவிட அதிக மார்க். அந்தப் பொறாமைதான் என் கண்ணில் இருந்த கட்டை.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போ அவ தம்பியை நான்தான் அங்கன்வாடியில் விடுறேன். அவளும் பெல் அடிக்கும் முன்னே வந்துடறா.

தோழர்களே, அடுத்தவர் பேரை எழுதும் முன் நம்ம பேரை ஒரு தடவை மனசில் எழுதிப் பார்ப்போம்.



– 9ஆம் வகுப்பு மாணவி