ஏமி கார்மைக்கேல்: சுகமளிக்கும் வாக்குத்தத்தமும் சுகமடையா உடலும்

அயர்லாந்தின் வடபகுதியில், டவுன் மாவட்டத்துக் கடலோரச் சிற்றூரான மில்லைலில் 1867 டிசம்பர் 16 அன்று ஏமி கார்மைக்கேல் பிறந்தார். சிறுமியாக இருந்தபோது தம் பழுப்பு நிறக் கண்கள் நீலமாக வேண்டுமென்று இரவில் வேண்டிக்கொண்டு, காலையில் கண்ணாடியில் அதே கண்களைக் கண்டு ஏமாந்தார் என்பர். இளமை முதலே நரம்பு வலியால் வருந்தியவர். சீனாவுக்குச் செல்ல விரும்பிய அவரை உடல்நலக் குறைவின் பொருட்டுச் சீன உள்நாட்டு மிஷன் ஏற்கவில்லை. 1893இல் ஜப்பான் சென்று ஓராண்டுக்குச் சற்று மேல் பணியாற்றி, உடல் நலிந்து திரும்பினார். 1895இல் பெங்களூர் வந்து, பின்னர்த் திருநெல்வேலிச் சீமையில் தமிழ் கற்றார். 55 ஆண்டுகள் தாயகம் திரும்பவில்லை. 1901 மார்ச்சில் கோயில் பணிக்கென விடப்பட்டிருந்த ஒரு சிறுமி அவரிடம் அடைக்கலம் புகுந்ததே டோனாவூர் இல்லத்தின் தொடக்கமாயிற்று.

அவ்வில்லத்தின் மருத்துவமனைக்குப் பரம சுக சாலை என்று பெயரிடப்பட்டது. சுகம் என்னும் சொல் பொதுவழக்கில் இன்பத்தையும் நலத்தையும் குறிக்க, தமிழ்க் கிறித்தவ வழக்கில் நோய் நீங்குதல் என்னும் சிறப்புப் பொருளைப் பெற்றுள்ளது. விடுதலைப் பயணத்தின் தொடக்கத்தில் இறைவன் தன்னைப் பரிகாரி என்று அறிவிக்கும் யாத்திராகமப் பகுதியும், நோயாளிக்கு எண்ணெய் பூசி வேண்டுமாறு பணிக்கும் யாக்கோபின் நிருபமும் இந்நம்பிக்கைக்கு அடித்தளம். யாக்கோபின் தமிழாக்கத்தில் அவ்வேண்டுதல் பிணியாளியை இரட்சிக்கும் என்றே உள்ளது. குணமாக்கும் என்று இல்லை. அவ்வாறே, யோவேல் ஆகமத்தின் தமிழாக்கத்தில் வெட்டுக்கிளி அரித்த ஆண்டுகள் திரும்பி வருவதில்லை, அவ்வாண்டுகளின் விளைவே திரும்ப அளிக்கப்படுகிறது. இச்சொற்களின் இடைவெளியில்தான் கார்மைக்கேலின் பிற்கால வாழ்வு நிகழ்ந்தது எனலாம்.

முதற் சோதனை அவர் உடலுக்கு நேர்ந்ததன்று. இல்லத்தின் குழந்தைகளைப் பேணுவதில் அவருக்கு வலக்கையாக விளங்கிய பொன்னம்மாள் என்னும் இளம் கைம்பெண் புற்றுநோய்க்கு ஆளானார். குணமாக்கும் வரத்தில் உறுதி கொண்ட முதியவர் ஒருவர் வர, படுக்கையைச் சூழ்ந்து நின்று வேண்டினர். வெற்றியின் அடையாளமாகப் பனையோலை ஒன்றைப் படுக்கையின் குறுக்கே வைத்தனர். அன்று முதல் நோய் மிகுந்தது. 1915இல் பொன்னம்மாள் மறைந்தார். இந்நிகழ்வைக் கார்மைக்கேல் மறைக்கவில்லை. பொன்னம்மாளின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். குணமடைந்தோர் கதைகளே பெரிதும் அச்சேறும் சமயச் சூழலில் இந்நேர்மை அரிது.

1931 செப்டம்பர் 24 அன்று களக்காட்டில், மருத்துவப் பணிக்கென எடுக்கப்பட்ட வீடொன்றைப் பார்வையிடச் சென்றவர், தோண்டப்பட்டிருந்த குழியொன்றில் மாலை இருளில் விழுந்து காலெலும்பு முறிந்தார். சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்றே அனைவரும் கருதினர். மருத்துவமும் வேண்டுதலும் குறைவற நடந்தன. ஆயினும், எஞ்சிய ஏறத்தாழ 20 ஆண்டுகளும் பெரும்பாலும் தம் அறையிலேயே கழிந்தன. ஆயிரம் பேரின் நலத்துக்கென மருத்துவமனை கண்டவர் அதன் அருகிலேயே சுகமின்றிக் கிடந்தார் என்பது இவ்வரலாற்றின் கடினமான முடிச்சு.

நலமுள்ளோர் நோயாளிகளுக்கென எழுதும் ஆறுதல் நூல்கள் உண்மையில் நோயாளியைத் தொடுவதில்லை என்பதை அவர் படுக்கையில் உணர்ந்தார். நோயாளி நோயாளிக்கு எழுதிய மடல்களாக 1933இல் ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ வெளிவந்தது. அதில் அவர் வாக்குத்தத்தத்தை மறுக்கவுமில்லை, விசுவாசக் குறைவே நோய் நீடிக்கக் காரணம் என்ற வாதத்தை ஏற்கவுமில்லை. முள் நீங்க மும்முறை வேண்டிய பவுலுக்குக் கிடைத்தது முள்ளின் நீக்கமன்று, தாங்கும் அருள் என்பதைத் தம் நிலைக்கும் உரியதாகக் கொண்டார். இதனைக் கையறு நிலையின் சமாதானம் என்று தள்ளிவிடல் எளிது. ஆனால் மனமின்றி அடங்குதலையும் மனமுவந்து ஏற்றலையும் அவர் வேறுபடுத்தினார். ஏற்றபின்னும் வலி வலியாகவே இருந்ததை ஒளிக்கவில்லை. அவ்வறையிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட நூல்கள் வெளிவந்தன. இல்லத்தின் பொறுப்புகளும் மடல்கள் வழியே தொடர்ந்தன.

1948இல் அறைக்குள்ளேயே மீண்டும் விழுந்தார். அதன்பின் படுக்கையைவிட்டு எழவில்லை. 1951 ஜனவரி 18 அன்று மறைந்தார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்ததால், டோனாவூரில் அவர் அடக்கமான இடத்தில் பறவைகள் நீர் பருகும் தொட்டியொன்றை வைத்து, தாயைக் குறிக்கும் ஒற்றைச் சொல்லை மட்டும் பொறித்தனர்.