சனியின் வளையத்தை விளங்கிக்கொண்ட ஹைகன்ஸ்

மாணவர்களே, சனிக் கோளின் வளையத்தைக் கண்டறிந்தவர் யார் என வினவினால் உங்களிற் சிலர் கலிலியோ என்று எழுதக்கூடும். கலிலியோ 1610இல் தமது தொலைகாட்டியால் அதனைக் கண்டார் என்பது உண்மையே. ஆயினும் தாம் கண்டது வளையம் என்பதை அவர் அறியவில்லை. சனியின் இருபுறமும் இரு சிறு கோளங்கள் இருப்பதாகவே அவர் கருதினார். 1612இல் அவை மறைந்துபோகவே குழப்பமடைந்தார். 1616இல் பார்த்தபோது அவை பாத்திரத்தின் கைப்பிடிகள் போலத் தோன்றின. இப்புதிருக்கு விடை கண்டவர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஆவார்.

ஹைகன்ஸ் 1629 ஏப்ரல் 14இல் ஒல்லாந்தின் ஹேக் நகரிற் பிறந்தார். தந்தையார் கவிஞர், அரச பணியில் உயர்பதவி வகித்தவர். லெய்டன் பல்கலைக்கழகத்திற் சட்டமும் கணிதமும் பயின்ற ஹைகன்ஸ், தமையனாருடன் சேர்ந்து தாமே வில்லைகளைத் தேய்த்துத் தொலைகாட்டிகளை அமைத்தார். அவ்வாறு அமைத்த ஒன்றின் மூலம் 1655 மார்ச் 25இல் சனியின் உபகோளான ரைட்டனைக் கண்டுபிடித்தார். அது சனியைச் சுற்றிவர ஏறத்தாழ 16 நாட்கள் எடுப்பதையும் கணித்தார்.

இந்த 16 நாட்களே வளையத்துக்கும் வழிகாட்டின. அவரது நியாயத்தைக் கவனமாகப் படியுங்கள். பூமி தன்னைத் தானே சுற்றும் காலம் சந்திரன் பூமியைச் சுற்றும் காலத்திலும் மிகக் குறைவு. எனவே சனியும் 16 நாட்களிலும் குறைந்த காலத்தில் தன்னைச் சுற்ற வேண்டும். அதன் பக்கங்களில் கைப்பிடிகள் இருந்தால் அவையும் உடன் சுழன்று நாளுக்கு நாள் தோற்றம் மாற வேண்டும். ஆனால் வாரக்கணக்கில் பார்த்தும் மாற்றமில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரித் தோன்றக்கூடிய வடிவம் எது? கோளைத் தொடாது சுற்றிலும் அமைந்த, மெல்லிய, தட்டையான வளையம்! அது சாய்ந்திருப்பதால் சனி சூரியனை ஒருமுறை சுற்றும் ஏறத்தாழ 29½ ஆண்டுகளில் இருமுறை அதன் விளிம்பு மட்டுமே நமக்கு நேராக அமைகிறது. அவ்வேளைகளிலேயே வளையம் மறைகிறது. (2025 மார்ச்சிலும் இவ்வாறு நிகழ்ந்தது.)

1656இல் இம்முடிவை எழுத்துகளை இடம்மாற்றிய புதிராக வெளியிட்டு உரிமையைக் காத்துக்கொண்ட ஹைகன்ஸ், 1659இல் நூலாக விரிவாக எழுதினார். எதிர்ப்பு உடனே எழுந்தது. உரோமிலிருந்த டிவினி, ஃபாப்ரி ஆகியோர் சனிக்குப் பின்னால் உபகோள்களே உள்ளன என வாதிட்டனர். 1660இல் புளோரன்சின் அறிஞர் கழகத்தினர் இரு கருத்துகளுக்கும் மாதிரியுருக்கள் செய்து, தொலைவில் வைத்துத் தொலைகாட்டியாற் பார்த்தனர். எதுவும் அறியாத சாதாரண மக்களையும் பார்க்கச் செய்து, கண்டதை வரையுமாறு கேட்டனர். வளைய மாதிரியே வானிற் கண்டதை ஒத்திருந்தது. கருத்து வேறுபாட்டைப் பரிசோதனையால் தீர்த்த இம்முறை, வளையத்துக்கு நிகராக நினைவிற் கொள்ளத்தக்கது.

எனினும் ஹைகன்சும் தவறினார். அன்று அறியப்பட்ட கோள்கள் 6, உபகோள்களும் ரைட்டனுடன் 6. எண்ணிக்கை நிறைவுற்றது என நம்பி அவர் மேலும் தேடவில்லை. 1671இலும் 1672இலும் கசினி சனிக்கு மேலும் இரு உபகோள்களைக் கண்டார். வளையம் திண்மமானது என்ற அவரது எண்ணமும் பிழையே. அது எண்ணற்ற துணிக்கைகளால் ஆனது என்பதை 19ஆம் நூற்றாண்டில் மக்ஸ்வெல் கணிதமுறையில் நிறுவினார்.

ஊசற் கடிகாரத்தை 1656இல் ஆக்கியவரும், ஒளியின் அலைக் கொள்கையை 1690இல் நூலாக வெளியிட்டவரும் இவரே. 1666 முதல் பாரிசின் விஞ்ஞானக் கழகத்திற் பணியாற்றிய அவர், நோயுற்று 1681இல் ஹேக் திரும்பி, 1695 யூலை 8இல் அங்கேயே காலமானார். 2005 ஜனவரி 14இல் ரைட்டனின் தரையில் இறங்கிய விண்கலத்துக்கு அவரது பெயரே இடப்பட்டிருந்தது.