செயற்கைச் சிறுநீரகம் கண்ட கோல்ஃப்

குருதியில் சேரும் யூரியா முதலிய கழிவுகளை இடையறாது பிரித்து வெளியேற்றுவன சிறுநீரகங்கள். அவை செயலற்றுப் போயின் குருதி நஞ்சாகி உயிரை மாய்த்துவிடும். இந்நோயைத் தீர்க்கும் வழி அறியப்படாதிருந்த காலத்தில் மருத்துவம் பயின்றவர் வில்லெம் கோல்ஃப்.

இவர் 1911 ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். குரோனிங்கன் நகர மருத்துவமனையில் இவர் பணியேற்ற புதிதில், 22 வயது இளைஞன் ஒருவன் சிறுநீரகம் கெட்டு மெல்ல மெல்ல மாண்டான். அவன் பிழையான் என்பதை அவனுடைய தாயிடம் கூறும் கடன் இவருக்கு நேர்ந்தது. நாள்தோறும் சிறிதளவு யூரியாவை நீக்க வல்லோமாயின் அவன் பிழைத்திருப்பானே என்னும் எண்ணம் இவரை விட்டு அகலவில்லை.

1940 இல் ஜெர்மானியர் ஹாலந்தைக் கைப்பற்றினர். கோல்ஃப் காம்பன் என்னும் சிற்றூர் மருத்துவமனையை அடைந்தார். போர்க்காலமாதலின் எப்பொருளும் எளிதிற் கிட்டவில்லை. இறைச்சிக்கு உறையாகப் பயன்படும் செல்லோபேன் குழாயே இவருக்குத் துணையாயிற்று. அதன் நுண்துளைகள் வழியே யூரியா வெளியேறும், குருதியணுக்கள் வெளியேறா. அக்குழாயை ஒரு மர உருளையிற் சுற்றி, உருளையின் அடிப்பகுதி உப்புநீர்த் தொட்டியில் தோயுமாறு சுழலச் செய்தார்.

இடர்கள் பல தோன்றின. குழாய் கிழியின் குருதி தொட்டியிற் கொட்டிவிடும். குருதி உறையாதிருக்க ஹெப்பாரின் செலுத்தினால், உடலில் குருதிக் கசிவு நேரும். ஒவ்வொரு முறையும் புதிய குருதிக்குழாயை அறுத்துத் திறக்க வேண்டியிருந்தமையால், சில வாரங்களில் திறப்பதற்கு இடமே இல்லாது போகும். 1943 இல் தொடங்கி மருத்துவம் பெற்ற முதல் 15 பேருள் ஒருவரேனும் இக்கருவியால் பிழைத்தாரென்று சொல்ல இயலவில்லை. பிறராயின் கைவிட்டிருப்பர்.

1945 செப்டம்பரில் 67 வயது மூதாட்டி ஒருவர் நினைவிழந்த நிலையில் கொணரப்பட்டார். பகைவருக்குத் துணைநின்றமையால் ஊராரால் வெறுக்கப்பட்டுச் சிறையில் இருந்தவர் அவர். இவரைக் காப்பதோ என்னும் வினா மருத்துவர் எழுப்பத் தக்கதன்று, கோல்ஃபும் எழுப்பவில்லை. பல மணிநேரம் உருளை சுழன்றபின் மூதாட்டி கண் விழித்தார். ஏழாண்டுகள் வாழ்ந்து வேறு நோயால் இறந்தார்.

கோல்ஃப் தம் கருவிகளை அயல்நாட்டு மருத்துவமனைகளுக்கு விலையின்றி வழங்கினார். எனினும், சிறுநீரகம் என்றும் மீளாதார்க்கு அவை நெடுங்காலம் உதவவில்லை. அமெரிக்கரான ஸ்கிரிப்னர் 1960 இல் கையில் நிலையாகப் பொருத்தும் டெஃப்ளான் குழாயை அமைத்த பின்னரே அவர்களும் ஆண்டுக்கணக்கில் வாழலாயினர். அக்குழாயிலும் சீழ்பிடித்தலும் குருதி உறைதலும் நேர்ந்தன. ஆகவே, தமனியையும் சிரையையும் கையிலேயே இணைக்கும் முறை பின்னர் வந்தது. வயிற்றின் உட்சவ்வையே வடிகட்டியாகக் கொள்ளும் முறையும் பரவியது; அதில் சவ்வு அழற்சி கொள்ளாதவாறு காத்தல் வேண்டும்.

1950 இல் அமெரிக்காவிற் குடியேறிய கோல்ஃப், செயற்கை இதயம் சமைப்பதிலும் முனைந்தார். 2009 பிப்ரவரியில், 98 ஆம் பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்னர், காலமானார்.