ஜார்ஜெட் ஹேயர் பத்திரப்படுத்திய ஒரே வாசகர் கடிதம்

'பிரிட்ஜர்டன்' பார்த்திருக்கீங்களா? பார்க்கலைன்னாலும் பரவாயில்லை. வெள்ளைக் கையுறை, குதிரை வண்டி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடனம், யாருக்கு யாரோடு கல்யாணம் என்ற வம்புப் பேச்சு... இதெல்லாம் உங்கள் கைத்தொலைபேசியில் ஒருமுறையாவது எட்டிப் பார்த்திருக்கும்.

2022இல் வந்த இரண்டாம் பருவத்தின் கதாநாயகி கேட் ஷர்மா. அந்த வேடத்தில் நடித்த சிமோன் ஆஷ்லி தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். லண்டன் பிரபுக்கள் நடுவே அவர் 'அப்பா' என்று சொன்னதைக் கேட்டு நீங்களும் ஒரு நொடி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கலாம்.

அந்தத் தொடர் ஜூலியா குவின் எழுதிய நாவல்களிலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் அந்தக் காலத்தில் நடக்கும் சிரிப்பும் காதலும் கலந்த கதைகளைத் தனி வகையாகவே உருவாக்கியவர் வேறொருவர். அவர் பெயர் ஜார்ஜெட் ஹேயர். பேட்டி கொடுக்காதவர். வாசகர் கடிதங்களைச் சேர்த்து வைக்காதவர். அவர் பத்திரமாக வைத்திருந்தது ஒரே ஒரு கடிதம் என்று அவரது வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அந்தக் கடிதம் வந்தது ருமேனியாவிலிருந்த ஒரு முன்னாள் கைதியிடமிருந்து.

அதற்குப் போகும் முன் ஒரு சின்ன விளக்கம்.

ரீஜென்சி என்றால்?

பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மனநலம் குன்றி ஆட்சி செய்ய முடியாத நிலைக்குப் போனார். 1811 முதல் 1820 வரை அவருடைய மகன் மன்னருக்குப் பதிலாக நாட்டை நிர்வகித்தார். அவரை ரீஜென்ட் என்றார்கள். அதனால் அந்தக் காலம் ரீஜென்சி. கணக்குப் பார்த்தால் மொத்தம் ஒன்பது வருஷம்தான்! அதற்குள் இத்தனை நாவல்கள், இத்தனை தொடர்கள்.

ஜேன் ஆஸ்டின் அந்தக் காலத்திலேயே வாழ்ந்தவர். தன் கண் முன்னால் இருந்ததை எழுதினார். வண்டி எப்படி இருக்கும், தொப்பி என்ன விலை என்றெல்லாம் அவர் வாசகருக்கு விளக்க வேண்டிய அவசியமே இல்லை. ஹேயர் பிறந்தது 1902இல். எல்லாவற்றையும் தேடித் தோண்டித்தான் அவர் எழுத வேண்டியிருந்தது.

தம்பிக்காகத் தொடங்கிய கதை

லண்டனின் விம்பிள்டன் பகுதியில் பிறந்தார் ஹேயர். அப்பா பெயர் ஜார்ஜ். அதிலிருந்துதான் மகளுக்கு ஜார்ஜெட். அப்பா ஆசிரியர், பிள்ளைகள் என்ன படிக்கலாம், என்ன படிக்கக்கூடாது என்று தடை போடாதவர்.

பெரிய தம்பி போரிஸுக்கு ஒருவகை ரத்த உறையாமை நோய். அடிக்கடி படுத்த படுக்கையாகிவிடுவான். அவனுக்குப் பொழுது போகணுமே! 17 வயது அக்கா ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கொள்ளைக்காரனாக மாறிய ஒரு பிரபு, கடத்தல், கத்திச் சண்டை என்று விறுவிறுப்பாகப் போனது கதை. அதைக் கேட்ட அப்பா, அச்சுக்கு அனுப்பலாமே என்றார். 1921இல் 'தி பிளாக் மாத்' வெளிவந்தது. அப்போது ஹேயருக்கு 19 வயது. அந்தப் புத்தகம் அவர் இறக்கும்வரை அச்சில் இருந்தது.

1925இல் சுரங்கப் பொறியாளர் ரொனால்ட் ரூஜியருடன் நிச்சயதார்த்தம் நடந்தது. ஒரு மாதத்தில் அப்பா மாரடைப்பால் இறந்துபோனார். ஓய்வூதியம் எதுவும் இல்லை. இரண்டு தம்பிகளுக்கும் 19, 14 வயது. அவர்களின் செலவு அக்காவின் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் பொழுதுபோக்காக எழுதவில்லை. குடும்பம் நடத்த எழுதினார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வாழ்க்கையில் பல முடிவுகளுக்கு இதுதான் காரணம்.

அடுத்த வருஷம் 'தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்' வெளியானபோது பிரிட்டனில் பொது வேலைநிறுத்தம். நாளிதழ் விமர்சனம் இல்லை, விளம்பரமும் இல்லை. ஆனாலும் 190,000 பிரதிகள் விற்றன! விளம்பரமே வேண்டாம் என்று ஹேயர் அன்றே முடிவு செய்துவிட்டார். கடைசிவரை அவரை யாராலும் ஒரு பேட்டிக்கு உட்கார வைக்க முடியவில்லை. எழுத்தாளர்கள் தினமும் காணொளி போட வேண்டியிருக்கும் இந்தக் காலத்தில் இதைக் கற்பனை செய்யவே கஷ்டமாக இருக்கிறது, இல்லையா?

கணவரின் வேலைக்காக இன்றைய தான்சானியாவில் யானைப் புல் வேய்ந்த குடிசையில் வாழ்ந்தார். பிறகு மாசிடோனியா. அங்கே பல் மருத்துவர் மயக்க மருந்தைத் தவறாகக் கொடுத்ததில் உயிரே போக இருந்தது. 1929இல் இங்கிலாந்து திரும்பினார்கள். கணவர் பின்னாளில் சட்டம் படித்து வழக்கறிஞரானார். அவர் படித்து முடிக்கும்வரை வீட்டை ஓட்டியது பெரும்பாலும் மனைவியின் பேனாதான்.

ஆயிரம் புத்தகங்களுக்கு நடுவே

1935இல் 'ரீஜென்சி பக்' வந்தது. அவருடைய முதல் ரீஜென்சி நாவல் அது. அதற்குப் பிறகு அந்தக் காலமே அவருடைய சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது.

வீட்டில் ஆயிரத்துக்கும் அதிகமான ஆய்வு நூல்கள் இருந்தன. உடை, வண்டி, விலைவாசி, இளைஞர்கள் பேசிய கொச்சை மொழி, திருடர்களின் குழூஉக்குறி என்று நோட்டுப் புத்தகங்களில் வகை பிரித்து எழுதி வைத்தார். வெலிங்டன் பிரபு எப்படி எழுதுவார் என்று தெரிந்துகொள்ள அவர் எழுதிய அசல் கடிதம் ஒன்றையே விலை கொடுத்து வாங்கினார். வாட்டர்லூ போரைப் பற்றி 1937இல் அவர் எழுதிய 'ஆன் இன்ஃபேமஸ் ஆர்மி' நாவலை சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பாடத்துக்குப் பயன்படுத்தினார்கள். காதல் கதை எழுதுகிறவர்தானே என்று நினைப்பவர்களுக்கு இந்தத் தகவல் போதும்.

சிரிக்க வைத்த புத்தகம்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944இல் 'ஃப்ரைடேஸ் சைல்ட்' வெளிவந்தது. கதை ரொம்ப லேசானது.

ஷெரி என்ற இளம் பிரபு ஓர் அழகியிடம் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லிக் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். கோபத்தில், அடுத்து கண்ணில் படும் முதல் பெண்ணையே கட்டிக்கொள்கிறேன் என்று சபதம் போட்டுவிட்டுக் கிளம்புகிறான். கண்ணில் படுவது சிறு வயதிலிருந்தே தெரிந்த ஹீரோ. ஆமாம், பெண்ணின் பெயர்தான் ஹீரோ! அப்பா அம்மா இல்லாமல் உறவினர் வீட்டில் வளரும் அப்பாவி. இருவரும் லண்டனுக்கு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்கிறார்கள்.

அப்புறம் என்ன? கணவன் செய்வதையெல்லாம் பார்த்து மனைவியும் செய்கிறாள். சூதாட்டம், கடன், ஊர் சிரிப்பு. காப்பாற்ற ஓடி வருவது ஷெரியின் மூன்று நண்பர்கள். அதில் ஃபெர்டி என்பவருக்கு மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்யும். பின்னால் யாரோ பதுங்கி வருகிறார்கள் என்று பயப்படுகிறார். பள்ளியில் படித்த கிரேக்கக் கதையில் வரும் ஆள்தான், பெயர் மட்டும் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. பழிக்குப் பழி வாங்கும் தெய்வமான நெமிசிஸைத்தான் அவர் தேடிக்கொண்டிருக்கிறார்!

இந்தப் புத்தகத்தைப் பற்றி வாசகர்கள் ஒரே மாதிரி பேசுவதில்லை. நண்பர்கள் வரும் பக்கங்களைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரிப்பவர்கள் ஒரு பக்கம். ஹீரோவைப் பதினேழு வயதுகூட நிரம்பாத குழந்தையாக வைத்திருக்கிறாரே என்று முகம் சுளிப்பவர்கள் இன்னொரு பக்கம். ஷெரி அவளைச் செல்லப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறான். கோபம் வந்தால் காதோடு சேர்த்து அறையவும் செய்கிறான். 1944இல் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டார்கள். இன்று படிக்கும் உங்களுக்கு அந்த இடத்தில் சிரிப்பு வராமல் போகலாம். வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. என்னைக் கேட்டால், கதையில் உண்மையில் வளர வேண்டியவன் ஷெரிதான் என்பதை ஹேயர் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். மனைவி அவனை விட்டுப் போன பிறகு வரும் பக்கங்களைப் படித்தால் அது புரியும்.

ருமேனியாவிலிருந்து வந்த கடிதம்

போருக்குப் பிறகு ருமேனியா கம்யூனிஸ்ட் ஆட்சியின் கீழ் வந்தது. அரசியல் காரணங்களுக்காக ஏராளமானோர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அப்படி 12 ஆண்டுகள் சிறையில் இருந்த ஒரு பெண், வெளியே வந்த பிறகு ஹேயருக்கு எழுதினார்.

சிறைக்குப் போகும் முன்பு அவர் 'ஃப்ரைடேஸ் சைல்ட்' படித்திருந்தார். உள்ளே அந்தக் கதையைத் தன்னோடு இருந்த மற்ற பெண்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஷெரியின் சபதம், ஹீரோவின் குறும்பு, ஃபெர்டியின் பயம் எல்லாவற்றையும் மனப்பாடமாக, 12 ஆண்டுகள். தானும் அந்தப் பெண்களும் புத்தி பேதலிக்காமல் இருந்ததற்கு அந்தக் கதைதான் காரணம் என்று அவர் நன்றி சொல்லியிருந்தார்.

ஹேயர் தன் ரீஜென்சி நாவல்களைப் பற்றி உயர்வாகப் பேசியவர் இல்லை. அதையெல்லாம் குப்பை என்கிற தொனியில் பதிப்பாளருக்கு எழுதுவார். ஆனாலும் தன் புத்தகங்களில் அவருக்கு ரொம்பப் பிடித்தது 'ஃப்ரைடேஸ் சைல்ட்'. மற்ற ரசிகர் கடிதங்கள் போய்விட்டன. இந்த ஒன்று தங்கிவிட்டது.

வரி கட்ட ஒரு நாவல்

அவர் பெரிய படைப்பாக நினைத்தது வேறொன்றை. இங்கிலாந்தின் மத்தியகால வரலாற்றை, லங்காஸ்டர் அரச குடும்பத்தை மையமாக வைத்து மூன்று பாகமாக எழுத ஆசைப்பட்டார். அதற்காகப் பல ஆண்டுகள் படித்தார். ஆனால் ஒவ்வொரு முறை அதைக் கையில் எடுக்கும்போதும் வருமான வரிக் கடிதம் வந்து நின்றது. வரி கட்டப் பணம் வேண்டும். பணம் கொடுப்பது ரீஜென்சி நாவல். மத்தியகாலம் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். 1966இல் 17 நாவல்களின் உரிமை வைத்திருந்த தன் நிறுவனத்தை புக்கர் மெக்கானல் நிறுவனத்திடம் 85,000 பவுண்டுக்கு விற்ற பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. புக்கர் பரிசைத் தொடங்கியதும் அதே நிறுவனம்தான். அந்தப் பரிசு வட்டாரம் ஹேயரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

பெரிய விமர்சகர்கள் பெரும்பாலும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. விதிவிலக்கு ஏ.எஸ். பயட். பின்னாளில் புக்கர் பரிசு வென்ற அவர், ஹேயரை நீங்கள் நினைப்பதைவிட நல்ல நாவலாசிரியர் என்று 1969இல் துணிந்து எழுதினார்.

ஆனால் அவருடைய புத்தகங்களை வரி வரியாகப் படித்தது சாதாரண வாசகர்கள்தான். 1950இல் ஒரு வாசகர் அவருக்குத் தகவல் சொன்னார்: பார்பரா கார்ட்லண்டின் நாவல்களில் உங்கள் பாத்திரங்களும் சம்பவங்களும் இருக்கின்றனவே என்று. ஹேயர் ஒப்பிட்டுப் பார்த்துப் பட்டியல் போட்டார். பெயர்கள், குணங்கள், திருப்பங்கள் என்று நீண்டது பட்டியல். அவரை ரொம்பக் கோபப்படுத்தியது வரலாற்றுத் தகவல்கள் தப்புத்தப்பாக வந்திருந்ததுதானாம்! வழக்கறிஞர் கடிதம் போனது. வழக்கு நீதிமன்றம்வரை போகவில்லை.

மழுப்ப முடியாத ஒரு பக்கம்

ஹேயரை ரசிப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளணும். அதே 1950இல் வந்த 'தி கிராண்ட் சோஃபி' அவருடைய மிகப் பிரபலமான நாவல்களில் ஒன்று. தைரியமான, கலகலப்பான கதாநாயகி. ஆனால் அதில் யூதர் ஒருவர் வட்டிக்கடைக்காரராக வருகிறார். அழுக்கு, பேராசை, தந்திரம் என்று யூதர்களைப் பற்றிய பழைய இழிவான சித்திரத்தையே ஹேயர் அப்படியே வரைந்திருக்கிறார். ஐரோப்பாவில் லட்சக்கணக்கான யூதர்கள் கொல்லப்பட்டு ஐந்தே ஆண்டுகளில் வந்த புத்தகம் அது. காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

2023இல் வந்த ஓர் அமெரிக்கப் பதிப்பில் அந்தப் பகுதி மாற்றப்பட்டது. வாசகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். திருத்தியது சரி, இனி நிம்மதியாகப் படிக்கலாம் என்றார்கள் சிலர். எழுதியவர் எழுதியதை மறைக்கக்கூடாது, முன்னுரையில் வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்றார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவது தரப்பின் பேச்சில் அதிக நியாயம் தெரிகிறது. கறையைச் சத்தமில்லாமல் துடைத்துவிட்டால், அது அங்கே இருந்தது என்பதே அடுத்து படிக்கிறவர்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

பெயர் தெரிந்த நாள்

கடைசி நாவல் 'லேடி ஆஃப் குவாலிட்டி' 1972இல் வந்தது. ஹேயர் அளவுக்கு மீறிப் புகைத்தவர். 1974 ஜூலை 4ஆம் தேதி நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அப்போது அவருடைய 48 புத்தகங்கள் அச்சில் இருந்தன. அவருடைய திருமணப் பெயர் ரூஜியர் என்பதே இரங்கல் செய்தியைப் படித்த பிறகுதான் பல ரசிகர்களுக்குத் தெரிந்தது. ஆசைப்பட்ட மத்தியகால நாவல் 'மை லார்ட் ஜான்' பாதியில் நின்றபடியே 1975இல் அச்சானது.

2015இல் அவர் பிறந்த விம்பிள்டன் வீட்டில் நீல நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. திறந்து வைத்தவர் நடிகர் ஸ்டீஃபன் ஃப்ரை. அவரும் ஹேயரின் வாசகர்தான்.

படித்துப் பார்க்கலாம்னு தோணுதா? 'ஃப்ரைடேஸ் சைல்ட்' தொடங்க நல்ல புத்தகம். முதல் ஐம்பது பக்கம் அந்தக் காலத்துக் கொச்சைச் சொற்கள் கொஞ்சம் தடுமாற வைக்கும். அகராதியைத் தேடாதீங்க, ஃபெர்டிக்கும் பாதி விஷயம் புரியாது. அப்படியே ஓட்டிக்கொண்டு போங்க.