வைத்தியசாலை நிர்வாகத்துக்கு இலக்கணம் வகுத்த புளோரன்ஸ் நைட்டிங்கேல்

இந்தியாவின் உதவியுடன் நிர்மாணிக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக் கட்டடத் தொகுதியை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி திறந்து வைத்தார். அட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதித் தோட்ட மக்கள் நெடுங்காலமாக எதிர்பார்த்திருந்த 150 கட்டில்களைக் கொண்ட வைத்தியசாலை அது. அன்றைய தினம் சர்வதேச தாதியர் தினம் என்பதையோ, புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பிறந்த தினம் என்பதையோ அந்தப் பரபரப்பில் நினைவுகூர்ந்தோர் சிலரே.

நைட்டிங்கேல் என்றதும் கையில் விளக்கேந்தி, இரவில் காயமுற்ற சிப்பாய்களின் கட்டில்களுக்கிடையே நடந்து செல்லும் ஒரு பெண்மணியின் உருவமே நம் மனக்கண் முன் தோன்றுகிறது. பாடப் புத்தகங்கள் நமக்குக் கற்பித்தது அதனைத்தான். ஆயினும் அந்த விளக்கை ஏந்திய கரம் அதைவிட அதிக நேரம் பேனாவையே ஏந்தியிருந்தது. சரக்கறைக் கணக்கு, சலவைக் கணக்கு, இறப்புக் கணக்கு, கழிவுநீர்க் கால்வாயின் வரைபடம் ஆகியவையே அவருடைய ஆயுதங்கள். கருணை மிகுந்த தாதியர் அவருக்கு முன்னரும் இருந்தனர். வைத்தியசாலையை நிர்வகிப்பது தனியானதொரு கலை என்பதையும், அது கற்று அறிய வேண்டிய கலை என்பதையும் உலகுக்கு உணர்த்தியதே அவருடைய தனிச்சிறப்பு எனலாம்.

1820ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி, செல்வச் செழிப்பு மிக்க ஆங்கிலேயக் குடும்பமொன்றில், இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். அந்நகரின் பெயரே அவருக்குச் சூட்டப்பட்டது. தந்தையார் இலத்தீன், கிரேக்கம் முதலிய மொழிகளைத் தாமே மகளுக்குக் கற்பித்தார். மகளுக்கோ கணிதத்தின் மீது தணியாத ஆர்வம். தாதித் தொழில் அக்காலத்தில் கௌரவமான குடும்பத்துப் பெண்கள் நாடத்தக்கதாக இருக்கவில்லை. தாயாரும் தமக்கையாரும் பல ஆண்டுகள் அவரைத் தடுத்து நின்றனர். 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வேர்த்தில் சுமார் மூன்று மாதங்கள் பயிற்சி பெற்றதே அவருக்குக் கிடைத்த முறையான தொழிற்பயிற்சியாகும்.

1853இல் இலண்டன் ஹார்லி வீதியில், நோயுற்ற நடுத்தர வர்க்கப் பெண்களுக்கான சிறியதொரு நிலையத்தின் மேற்பார்வையாளர் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. ஒவ்வொரு மாடிக்கும் குழாய் மூலம் வெந்நீர், உணவை மேலே அனுப்ப ஒரு தூக்கி, நோயாளியின் அழைப்பு எங்கிருந்து வருகிறதென்று காட்டும் மணிகள் ஆகியவற்றையே அவர் முதலில் கோரினார். தாதியின் கால்கள் படிக்கட்டில் தேய்ந்தால் நோயாளியைக் கவனிக்க நேரம் எங்கிருந்து வரும் என்பது அவரது வாதம். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர்களை மட்டுமே அனுமதிக்க வேண்டுமென்று நிர்வாகக் குழு விரும்பியது. அவர் அதற்கு இணங்கவில்லை. எம்மதத்தவரும் சேர்த்துக்கொள்ளப்படுவர், அவரவர் மதகுருவோ முப்தியோ வந்து பார்க்கலாம் என்ற விதி எழுத்தில் வரும்வரை அவர் ஓயவில்லை. பல மதத்தவர் ஒரே விடுதியில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கும் மலையக வைத்தியசாலைகளைப் பார்ப்பவர்களுக்கு இது பெரிய விடயமாகத் தோன்றாமலிருக்கலாம். 1853இல் இலண்டனில் அது பெரிய விடயமே.

அடுத்த ஆண்டு கிரிமியா யுத்தத்தில் பிரித்தானியாவும் இறங்கியது. துருக்கிய சுல்தானின் நேச நாடாகப் பிரித்தானியா ரஷ்யாவுக்கு எதிராகக் களமிறங்கியது. இஸ்தான்புல் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள உஸ்குதாரில், மூன்றாம் சலீம் சுல்தானின் பெயர் கொண்ட ஸலீமிய்யா படைமுகாமைத் துருக்கியர் பிரித்தானியருக்கு வைத்தியசாலையாக வழங்கினர். ஆங்கிலேயர் அவ்விடத்தை ஸ்கூட்டாரி என்றழைத்தனர். 38 தாதியருடன் நைட்டிங்கேல் 1854 நவம்பர் 4ஆம் திகதி அங்கு போய்ச் சேர்ந்தார்.

அங்கு அவர் கண்டது பொருட்களின் பற்றாக்குறையை மட்டுமன்று, பொறுப்பேற்பாரின் பற்றாக்குறையையும்தான். சிப்பாய் தனது சட்டை, கத்தி, கரண்டியைத் தானே கொண்டுவர வேண்டும் என்பது இராணுவ விதி. ஆகவே வைத்தியசாலை அவற்றை வழங்க வேண்டியதில்லை. காயமுற்றவர்களோ தமது மூட்டைகளைப் போர்க்களத்திலேயே விட்டு வந்திருந்தனர். இங்கிலாந்திலிருந்து சட்டைகள் வந்திறங்கின. அவற்றைப் பரிசீலிக்கும் சபை கூடும்வரை கட்டுகளைப் பிரிக்க முடியாதென்று களஞ்சிய அதிகாரி கைவிரித்தார். குளிரில் நடுங்கிய நோயாளிகள் காத்திருந்தனர். ஒவ்வொரு அதிகாரியும் தத்தமது விதிப்படியே நடந்துகொண்டார். மனிதர்கள் மாண்டனர்.

வைத்தியர்கள் முதலில் தாதியரை விடுதிகளுக்குள் அனுமதிக்கவில்லை. நைட்டிங்கேல் முரண்டு பிடிக்கவில்லை. அழைப்பு வரும்வரை தமது குழுவினரைக் காக்க வைத்து, கட்டுத் துணிகளைத் தயார் செய்வித்தார். காயமுற்றோர் வெள்ளமெனக் குவிந்தபோது அழைப்பு தானாக வந்தது. தமக்கென இடம் பிடிப்பதைவிடத் தமது பணிக்கென இடம் பிடிப்பதில் அவர் காட்டிய பொறுமையை நம்மூர் அதிகாரிகள் பலர் படித்தறிய வேண்டும். பின்னர் ஒரு வீட்டை வாடகைக்கெடுத்து, கொதிகலன்கள் பொருத்தி, சலவைச்சாலை அமைத்தார். பொதுமக்கள் நன்கொடைப் பணத்தில் சந்தையிலிருந்து பொருட்கள் வாங்கி, எவருக்கு எது வழங்கப்பட்டது என்று பதிவு செய்தார். சுல்தான் அப்துல் மஜீத் அவருக்கு வைரக் கைவளை ஒன்றை அனுப்பிக் கௌரவித்தார்.

இத்தனைக்குப் பின்னரும் ஸ்கூட்டாரியில் மரணங்கள் குறையவில்லை என்பதைப் பாடப் புத்தகங்கள் சொல்வதில்லை. 1855 பெப்ரவரியில் இறப்பு வீதம் நூற்றுக்கு 42 என்ற உச்சத்தைத் தொட்டது. அந்த முதற் குளிர்காலத்தில் மாத்திரம் 4,000க்கும் அதிகமான சிப்பாய்கள் அங்கு மடிந்தனர். பெரும்பாலோரைக் கொன்றது ரஷ்யரின் குண்டுகளல்ல. வாந்திபேதியும் வயிற்றோட்டமும் காய்ச்சலுமேயாகும். மார்ச் மாதத்தில் இலண்டனிலிருந்து சுகாதார ஆணைக்குழுவொன்று வந்து, கட்டடத்தின் அடியில் அடைபட்டுக் கிடந்த கழிவுக் கால்வாய்களைத் துப்புரவு செய்தது. நீர் வரும் வாய்க்காலில் கிடந்த குதிரையின் சடலத்தையும் அகற்றியது. ஜூன் மாதமளவில் இறப்பு வீதம் நூற்றுக்கு 2 ஆக வீழ்ந்தது.

நாடு திரும்பிய பின்னர், 1857இல், புள்ளிவிபர அறிஞர் வில்லியம் பாருடன் அமர்ந்து எண்களை ஆராய்ந்தபோதுதான் அதன் முழு அர்த்தமும் அவருக்குப் புலப்பட்டது. உணவுக் குறைவும் காலந்தாழ்த்தி அனுப்பியதுமே மரணங்களுக்குக் காரணமென அதுவரை அவர் நம்பியிருந்தார். போர்முனையிலிருந்த சாதாரண படைப்பிரிவு வைத்தியசாலைகளைவிடத் தமது ஸ்கூட்டாரியிலேயே இறப்பு வீதம் கூடுதலாக இருந்ததை எண்கள் காட்டின. நாடு முழுவதும் அவரைத் தெய்வமெனக் கொண்டாடிக்கொண்டிருந்த வேளை அது. வாய்மூடி இருந்திருந்தால் எவரும் கேட்டிருக்கப் போவதில்லை. அவரோ அதையே தமது அறிக்கையின் மையமாக்கினார். தடுத்திருக்கக்கூடிய மரணங்களை நீல நிறத்திலும் காயங்களால் நேர்ந்த மரணங்களைச் சிவப்பிலும் காட்டும் வட்ட வரைபடத்தை 1858இல் வெளியிட்டார். எண்களைப் படிக்க விரும்பாத அமைச்சர்களும் அரசியாரும் ஒரே பார்வையில் விளங்கிக்கொள்ளட்டும் என்பதே நோக்கம். அதே ஆண்டில் இலண்டன் புள்ளிவிபரச் சங்கத்தின் முதற் பெண் உறுப்பினரானார்.

யுத்தமில்லாக் காலத்திலும் இங்கிலாந்தின் படைமுகாம்களில் வசித்த சிப்பாய்கள், அதே வயதுடைய பொதுமக்களைவிடச் சுமார் இரு மடங்கு வீதத்தில் இறந்தனர் என்பதையும் அவர் நிறுவினார். நெருக்கமும் காற்றோட்டமின்மையும் வடிகாலின்மையுமே காரணம் என்றார். அவர் இவ்வாறு வாதாடிக்கொண்டிருந்த அதே தசாப்தங்களில், அவருடைய நாட்டவர் நமது மலைகளில் என்ன கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. முதுகோடு முதுகு ஒட்டிய, ஜன்னலற்ற, ஓர் அறையில் ஒரு குடும்பமே முடங்கிய லயங்களை! படைமுகாம் பாணிக் கட்டடம் சிப்பாய்க்கு உயிராபத்து என்று அங்கு ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னரும், தோட்டத் தொழிலாளிக்கு அது போதுமெனக் கருதப்பட்டது.

இலங்கை அவருடைய பார்வைக்கு எட்டாத நாடும் அல்ல. குடியேற்ற நாடுகளின் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் சுதேச மக்கள் எவ்விதம் இறக்கின்றனர் என்பதை அறிய, குடியேற்றக் காரியாலயத்தின் மூலம் படிவங்கள் அனுப்பி விபரம் திரட்டி 1863இல் அவர் வெளியிட்ட ஆய்வில் இலங்கையின் கணக்குகளும் இடம்பெற்றன. வந்து சேர்ந்த பதிவுகள் குறைபாடுடையவை என அவர் அதிருப்தியுற்றார். தமிழகத்திலிருந்து மன்னார் வழியே காட்டுப் பாதையில் கால்நடையாகக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்து, வழியிலேயே அம்மைக்கும் வாந்திபேதிக்கும் பலியானவர்களை எந்த வைத்தியசாலைப் பதிவேட்டில் தேடுவது? தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய முதலாவது சட்டம் 1872இல்தான் வந்தது. தோட்டத் துரைமாரிடமே பொறுப்பை விட்டதால் அது பயன் தரவில்லை. 1880இலும் 1912இலும் புதிய சட்டங்கள் இயற்ற நேர்ந்தது.

மீண்டும் நைட்டிங்கேலிடம் வருவோம். கிரிமியாவில் பீடித்த காய்ச்சலின் பின்விளைவாக அவர் பல ஆண்டுகள் பெரும்பாலும் கட்டிலிலேயே கழித்தார். வைத்தியசாலைக்குள் கால் வைக்காமலேயே வைத்தியசாலைகளை மாற்றியமைத்த காலம் அதுவே. மக்கள் வழங்கிய நிதியைக் கொண்டு 1860இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பாடசாலை ஆரம்பிக்கப்பட்டது. நல்ல தாதியரை உருவாக்குவதுடன் அதன் நோக்கம் முடியவில்லை. ஏனைய வைத்தியசாலைகளுக்குச் சென்று அவற்றைச் சீரமைத்து, அங்குள்ளோரைப் பயிற்றுவிக்கும் தலைமைத் தாதியரை உருவாக்குவதே உள்நோக்கம். ஒவ்வொரு மாணவியின் நேரந்தவறாமை, நம்பகத்தன்மை முதலியவற்றை மாதந்தோறும் பதிவுசெய்யப் படிவம் இருந்தது. 1865இல் அக்னஸ் ஜோன்ஸ் லிவர்பூல் ஏழைகள் விடுதியின் வைத்தியசாலைக்குச் சென்றார். மூன்றாண்டுகளில் அங்கேயே காய்ச்சலுக்குப் பலியானார். 1868இல் லூசி ஒஸ்பர்ன் ஐந்து தாதியருடன் சிட்னியைச் சென்றடைந்தார். அப்பாடசாலையில் பயின்று வெளியே சென்ற தலைமைத் தாதியர் தம்மை நாடிவரும் போதெல்லாம் நைட்டிங்கேல் துருவித் துருவிக் கேள்வி கேட்டார்.

1859இல் எழுதிய தாதியியல் குறிப்புகள் நூலில் சிறு நிர்வாகம் பற்றி அவர் ஓர் அத்தியாயமே ஒதுக்கியுள்ளார். பொறுப்பிலிருப்பவர் இருக்கும்போது நடைபெறும் காரியம், அவர் இல்லாதபோதும் நடைபெறுமாறு ஏற்பாடு செய்வதே நிர்வாகம் என்பது அதன் சாரம். எல்லாவற்றையும் தானே செய்பவரை அவர் நல்ல நிர்வாகியாகக் கருதவில்லை.

மலையகத்துக்கு இந்த ஓர் அளவுகோல் போதும். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்குச் சென்றன. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் பணி 1990களில் ஆரம்பமாகியும் முழுமை பெறவில்லை. இன்றும் பல தோட்டங்களில் வைத்திய உதவியாளர் ஒருவரும் மருத்துவ மாது ஒருவருமே முழுச் சுகாதாரத் துறையாக உள்ளனர். சம்பளம் கம்பனியிடமிருந்து; தொழில்சார் மேற்பார்வை சுகாதாரத் திணைக்களத்திடமிருந்து. இருவருக்குமிடையில் பொறுப்பு நழுவி விழும் இடங்கள் பல. வைத்திய உதவியாளர் விடுமுறையில் சென்றால் மருந்தகம் பூட்டப்படுகிறது. அம்புலன்ஸ் இல்லாவிடின் கொழுந்து லொறியில் கர்ப்பிணி ஏற்றப்படுகிறாள். கிளினிக் நாளும் கொழுந்து நிறுவையும் ஒரே நேரத்தில் வந்தால் தாய் எதைத் தெரிவு செய்வாள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இவற்றில் எதற்கும் புதிய மருந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நேர அட்டவணையை மாற்றவும், பதில் கடமைக்கு ஆள் நியமிக்கவும், பிள்ளைமடுவத்துக் குழந்தைகளின் நிறையை ஏட்டில் எழுதுவதோடு நில்லாது மாத முடிவில் அதைப் படித்துப் பார்க்கவும் அதிகாரமும் பயிற்சியும் உள்ள ஒருவரே வேண்டும். சத்திரசிகிச்சை நிபுணருக்குப் பல்லாண்டுப் பயிற்சி தேவையென்பதை ஏற்கும் நாம், தோட்ட வைத்தியசாலையை நடத்துபவருக்கு முகாமைத்துவப் பயிற்சி கேட்டால் ஆச்சரியப்படுகிறோம்.

அவர் குறைகளற்றவர் அல்லர். கிருமிகளே நோய்க்குக் காரணம் என்பதை ஏற்க நீண்டகாலம் தயங்கினார். தாதியரை அரசு பதிவு செய்வதைக் கடுமையாக எதிர்த்து, இறுதியில் தோல்வியுற்ற பக்கத்தில் நின்றார். ஏகாதிபத்தியத்தின் நியாயத்தை அவர் அடிப்படையில் சந்தேகித்தவருமல்லர்.

இந்தியாவில் அவர் ஒருபோதும் காலடி வைக்கவில்லை. ஆயினும் அங்குள்ள படைநிலையங்கள் அனைத்துக்கும் வினாக்கொத்து அனுப்பி, குவிந்த பதில்களைத் தமது அறையிலேயே ஆராய்ந்தார். ஆயிரத்துக்கு 69 ஆக இருந்த பிரித்தானியச் சிப்பாய்களின் வருடாந்த இறப்பு வீதம் 18 ஆகக் குறைந்துவிட்டதை 1870களில் அவரால் எடுத்துக்காட்ட முடிந்தது. சிப்பாய்களோடு அவர் நிற்கவில்லை. இந்தியக் கிராமங்களின் குடிநீர், வடிகால், நீர்ப்பாசனம், பஞ்சம் பற்றி முதுமை வரை எழுதிக்கொண்டிருந்தார்.

இறுதி ஆண்டுகளில் பார்வை மங்கியது. 1907இல் பிரித்தானியாவின் ஓர்டர் ஒஃப் மெரிட் விருதைப் பெற்ற முதற் பெண்மணியானார். 1910 ஆகஸ்ட் 13ஆம் திகதி, தமது 90ஆவது வயதில் காலமானார். வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்ய அரசாங்கம் முன்வந்தபோதும், அவரது விருப்பத்துக்கமைய உறவினர் அதை மறுத்தனர். கிழக்கு வெல்லோ கிராமத்துக் குடும்பக் கல்லறையில் அவரது முழுப் பெயர் பொறிக்கப்படவில்லை. பெயரின் இரு முதலெழுத்துக்களும் பிறந்த திகதியும் இறந்த திகதியும் மட்டுமே உள்ளன.