ஸ்மேர்னாவிலிருந்து வந்த பையனும் எங்கள் ஊர் மொறிஸ் மைனரும்

வளைகுடாவில் வெயில் தணிந்து, மாலையில் வெளியே நிற்கலாம் என்ற காலம் வந்ததும் கார்க் கண்காட்சிகள் தொடங்கிவிடும். இம்முறை சார்ஜாவில் நடந்த ஒன்றுக்கு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து போனோம். பிள்ளைகளுக்கு வேகக் கார்களைப் பார்க்க ஆசை. எங்களுக்கோ விடுமுறை நாளை வீட்டுச் சுவருக்குள் கழிக்காமல் விட்டால் போதும் என்றிருந்தது.

ஃபெராரி, லம்போகினி எல்லாம் வரிசையாக நின்றன. பாலைவன மணல்மேட்டில் ஏறுவதற்கென்றே எஞ்சின் மாற்றிய நிசான் பட்ரோல்களைச் சுற்றித்தான் இளைஞர் கூட்டம் அதிகம். ஒருவர் அக்சிலேற்றரை அழுத்த, சின்னவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். மறுபக்கம் கப்பல் போல நீண்ட அமெரிக்கக் கார்கள், பழைய லாண்ட் ரோவர்கள். ஒன்றரை மணித்தியாலம் நடந்த பிறகுதான் மாமா எங்களோடு இல்லை என்பது தெரிந்தது. தேடிப் போனபோது, கடைசி வரிசையில் சாம்பல் நிற மொறிஸ் மைனர் ஒன்றின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பொனற்றில் கை வைப்பதும், தொடக்கூடாதோ என்று எடுப்பதுமாக இருந்தார்.

மாமா யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓடியவர். அவருடையதும் மைனர்தான்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் என்ற இரண்டு பெயரும் எங்கள் ஊர்ப் பெயர்கள் போலவே ஆகிவிட்டவை. பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனதும், பொம்பிளை மாப்பிள்ளை ஊர்வலம் வந்ததும், வெளிநாடு போகிறவரை வழியனுப்பியதும் இவற்றில்தான். 1990க்குப் பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டபோதும் இவை நிற்கவில்லை. சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். அக்காலத்து எஞ்சின்களில் அமுக்கம் குறைவு. அதனால்தான் தரம் குறைந்த எரிபொருளையும் அவை ஏற்றுக்கொண்டன. இன்று அந்தத் திடலில் நின்ற வேகக் கார்களில் ஒன்றுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினால் நூறு மீற்றர்கூட ஓடாது என்று மாமா சொன்னதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இதைச் செய்தது யார் என்று மூத்தவன் கேட்டான். காரில் இருக்கும் பெயர் மொறிஸ். ஆனால் அது கம்பனி முதலாளியின் பெயர். அந்தக் காரை மனத்தில் கண்டு கடதாசியில் கீறியவரின் பெயர் வேறு. அவர் அலெக் இசிகோனிஸ். பிரித்தானியாவின் புகழ்பெற்ற வாகன வடிவமைப்பாளர், மினி காரின் தந்தை என்று உலகம் அவரை அறியும். அவர் ஓர் அகதியாக அந்த நாட்டுக்குள் வந்தவர் என்பதை எம்மவரில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

அவர் பிறந்தது 1906 நவம்பர் 18ஆம் திகதி, ஒட்டோமன் பேரரசின் ஸ்மேர்னா துறைமுக நகரில். இன்று அது துருக்கியின் இஸ்மீர். கிரேக்கர், துருக்கியர், ஆர்மேனியர், யூதர், ஐரோப்பிய வணிகர் என்று பல இனத்தவர் வாழ்ந்த செல்வச் செழிப்பான ஊர். தந்தை கொன்ஸ்ரன்ரீன் கிரேக்கர், கப்பல் எஞ்சின் வேலை செய்யும் பட்டறை வைத்திருந்தவர். தாய் ஹுல்டா யேர்மன் வழிவந்தவர். தாத்தா பிரித்தானியர் அங்கு போட்ட ரயில்பாதைத் திட்டத்தில் வேலைசெய்து, பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர். அந்த ஒரு கடதாசிதான் பிறகு பேரனின் உயிரைக் காத்தது.

முதலாம் உலகப்போர் முடிந்ததும் 1919இல் கிரேக்கப் படை ஸ்மேர்னாவுக்குள் வந்தது. 1922 செப்டெம்பரில் துருக்கியப் படை நகரைத் திரும்பக் கைப்பற்றியது. சில நாட்களில் நகரின் பெரும்பகுதி தீயில் அழிந்தது. பின்னால் நெருப்பு, முன்னால் கடல், நடுவே துறைமுக மேடையில் இலட்சக்கணக்கான மக்கள். துறைமுகத்தில் வல்லரசு நாடுகளின் போர்க்கப்பல்கள் நின்றன. முதலில் அவை தத்தம் நாட்டுப் பிரசைகளை மட்டுமே ஏற்றின. கிரேக்கரும் ஆர்மேனியரும் நாட்கணக்கில் கரையில் நின்றார்கள். இசிகோனிஸ் குடும்பம் கிரேக்க இரத்தம்தான், ஆனால் கையில் இருந்தது பிரித்தானியக் கடவுச்சீட்டு. கப்பலில் ஏற்றி மோல்டாத் தீவுக்குக் கொண்டுபோனார்கள். வீடு, பட்டறை, சொத்து எல்லாம் அங்கேயே போயிற்று.

இந்த இடத்தில் மாமா ஒன்றும் பேசவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கம் நகர்ந்த இரவில் அவரும் அந்தச் சனத்துக்குள் இருந்தவர். அவருடைய மைனர் சாவகச்சேரியில் ஒரு வளவுக்குள் நின்றுபோனது. அதன் பிறகு அவர் அதைக் காணவில்லை.

திறமை இருந்தால் எங்கும் முன்னேறலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாங்கள் இந்தக் கடவுச்சீட்டுப் பகுதியை விட்டுவிடுகிறோம். வேலை போனால் விசாவும் போய்விடும் என்ற கணக்கோடு ஒவ்வொரு வருடத்தையும் கடத்துகிற வளைகுடாத் தமிழருக்காவது அது விளங்க வேண்டும். அதே கரையில் இசிகோனிசை விடக் கெட்டிக்காரப் பையன்கள் நின்றிருக்கலாம். அவர்களின் தாத்தாமார் பிரித்தானிய ரயிலில் வேலை செய்திருக்கவில்லை.

மோல்டாவில் தந்தை நோயில் இறந்தார். தாயும் ஒரே மகனுமாக 1923இல் இலண்டன் வந்து சேர்ந்தார்கள். பற்றர்சீ பொலிரெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் படித்த மகன் கணிதத்தில் மூன்று தடவை தோற்றான். ஓ-லெவல், ஏ-லெவல் பெறுபேறு வரும் நாளில் வீட்டைச் செத்தவீடு போல ஆக்குகிற பெற்றோர் இதைக் கவனிக்கலாம். அவனுக்கு வராதது கணக்கு, வந்தது கோடு. காரின் உட்பகுதி எப்படி அடுக்கப்பட வேண்டும் என்பதைக் கையாலேயே, அளவுகோல் இல்லாமல் கீறிக் காட்டுவான். அந்தக் கீறல்களை அளந்து, வேலைசெய்யும் பொருளாக்கியவர்கள் ஜக் டானியல்ஸ், ரெஜ் ஜொப் என்ற இருவர். இசிகோனிஸ் பெயர் பெற்ற அளவுக்கு அவர்கள் பெயர் பெறவில்லை.

1936இல் ஒக்ஸ்போர்ட்டுக்கு அருகே கௌலியில் இருந்த மொறிஸ் தொழிற்சாலையில் சேர்ந்தார். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, போருக்குப் பின் சாதாரணக் குடும்பம் ஒன்று வாங்கக்கூடிய சிறிய கார் பற்றிய வேலை தொடங்கிவிட்டது. 1947 கடைசியில், உற்பத்திக்குப் போகும் தறுவாயில், மாதிரிக் கார் ஒடுங்கலாக இருக்கிறது என்று இசிகோனிசுக்கு மனம் குத்தியது. காரை நெடுக்காக இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதியையும் மெல்ல மெல்ல விலக்கி, கண்ணுக்குச் சரி என்று பட்ட இடத்தில் நிறுத்தச் சொன்னார். நான்கு அங்குலம் கூடியிருந்தது. அதற்குள் பம்பர்கள் பழைய அளவில் செய்து அடுக்கப்பட்டுவிட்டதால், தொடக்கத்தில் வந்த கார்களில் அவற்றை நடுவே வெட்டித் துண்டு வைத்துப் பொருத்தினார்கள். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டியும் அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம்தான். மாமா பிள்ளைகளின் விரலைப் பிடித்து அந்தப் பட்டியைத் தடவிக் காட்டினார். பத்து வருடத்துக்கு மேல் ஒவ்வொரு காலையும் அதைத் துடைத்தவர் அவர். ஆனால் அது ஏன் அங்கே இருக்கிறது என்று அன்றுதான் அவருக்கும் தெரியவந்தது.

முதலாளி வில்லியம் மொறிசுக்கு அந்தக் கார் பிடிக்கவேயில்லை. நீரில் அவித்த முட்டை போல இருக்கிறது என்று பழித்தார். 1948 ஒக்ரோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் வெளிவந்தது. பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் என்ற பெயரையும் அதுவே பெற்றது. இந்தியாவில் இதையே பேபி ஹிந்துஸ்தான் என்ற பெயரில் பொருத்தி விற்றார்கள். இலங்கையிலோ அது வேரூன்றியது. பிற்காலத்தில் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் தென்னிலங்கையில் செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கே போயின.

அடுத்த கதைக்கும் நாங்கள் நின்ற இந்த வளைகுடாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1956இல் எகிப்து சூயஸ் கால்வாயைத் தேசியமயமாக்க, பிரித்தானியாவும் பிரான்சும் இஸ்ரேலும் படையெடுத்தன. கால்வாய் அடைபட்டது. குவைத் போன்ற இடங்களிலிருந்து போகும் எண்ணெய் ஆபிரிக்காவைச் சுற்ற வேண்டியதாயிற்று. சவூதி அரேபியா பிரித்தானியாவுக்கு எண்ணெய் கொடுப்பதை நிறுத்தியது. அந்த டிசெம்பரில் பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீட்டு அட்டைக்கு வந்தது. அப்போது அபுதாபியிலிருந்து ஒரு பீப்பாய் எண்ணெய்கூட ஏற்றுமதியாகியிருக்கவில்லை. அது தொடங்கியது 1962இல்தான். எண்ணெய் இல்லாமல் தவித்த பிரித்தானியர், யேர்மனியிலிருந்து வந்த முட்டைக்கோது போன்ற சின்னஞ்சிறு கார்களை வாங்கத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் மோட்டார் கூட்டுத்தாபனத்தின் தலைவர் லியோனார்ட் லோர்ட்டுக்கு அது பொறுக்கவில்லை. மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு, உண்மையான நான்கு பேர் இருக்கக்கூடிய மிகச் சிறிய காரைச் செய் என்று இசிகோனிசிடம் சொன்னார். கையிருப்பில் உள்ள எஞ்சினைத்தான் பாவிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

பத்தடி நீளம். அதற்குள் நான்கு பேரும் சாமானும். இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்பெட்டியை அதன் கீழே, எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே இறக்கினார். முன்சக்கரங்களை இயங்க வைத்தார். பத்து அங்குலச் சில்லுகளை டன்லொப் கம்பனியிடம் கேட்டு வாங்கினார். சுருள்வில்லுக்குப் பதில் இறப்பர்க் கூம்புகளை நண்பர் அலெக்ஸ் மோல்ரன் செய்து கொடுத்தார். காரின் தரைப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு மனிதருக்கும் சாமானுக்கும் மிஞ்சியது. 1959 ஓகஸ்ட் 26ஆம் திகதி மினி வெளிவந்தது. இன்று உலகில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரத்தால் இழுபடுபவை. கண்காட்சிக்கு நாங்கள் வந்த வாடகைக் காரும் அப்படித்தான்.

ஆள் எல்லாவற்றிலும் சரியாக இருந்தவர் அல்ல. முதல் மினிகளின் தரைக்குள் மழைத்தண்ணீர் ஏறியது. இருக்கை வசதியாக இருந்தால் சாரதி தூங்கிவிடுவார் என்பதும், வானொலி கவனத்தைக் கெடுக்கும் என்பதும் அவரது பிடிவாதம். விலை நிர்ணயத்தில் கம்பனி நட்டப்பட்டது என்ற பேச்சு பலகாலம் இருந்தது. பந்தயக்காரர் ஜோன் கூப்பர் மினியை வேகக் காராக்கலாம் என்றபோது, தான் செய்தது சாதாரண மக்களுக்கான கார் என்று முதலில் தயங்கினார். கூப்பர் விடவில்லை. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொண்டே கார்லோ ராலியை அந்தக் குட்டிக் கார் வென்றது. 1966இல் முதலாவதாக வந்தும், முன்விளக்கைக் காரணம் காட்டித் தகுதிநீக்கினார்கள். இதைச் சொன்னதும்தான் பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். அதுவரை அவர்களுக்கு மைனர் ஒரு கிழட்டுக் கார்.

1969இல் சேர் பட்டம் கிடைத்தது. ஆனால் கம்பனி கைமாறி பிரிட்டிஷ் லேலண்ட் ஆனதும் அவரை ஓரங்கட்டிவிட்டார்கள். 1971இல் ஓய்வு பெற்றபோது அவர் கேட்டு வாங்கிய பரிசு, சிறுவர்கள் பூட்டிக் கழற்றி விளையாடும் மெக்கானோப் பெட்டி, அதிலும் மிகப் பெரியது. அவர் திருமணம் செய்யவில்லை. மோல்டாவிலிருந்து கூட்டி வந்த தாயோடுதான் அரை நூற்றாண்டு வாழ்ந்தார். தாய் 1972இல் போனார். அவர் 1988 ஒக்ரோபர் 2ஆம் திகதி பேர்மிங்காமில் மறைந்தார். பிறகு மினியின் பெயர் யேர்மனியின் பிஎம்டபிள்யூவுக்குப் போனது. அதை வாங்கிய காலத்தில் அந்தக் கம்பனியின் தலைவராக இருந்த பேர்ண்ட் பிஷெட்ஸ்ரீடர், ஹுல்டாவின் வழியில் இசிகோனிசுக்கு உறவினர்.

இருட்டத் தொடங்கியது. மைனரின் உரிமையாளர் கூடாரத்தைச் சுருட்ட வந்தவர், அரை மணித்தியாலமாக அசையாமல் நின்ற மாமாவைப் பார்த்துக் கதவைத் திறந்து உள்ளே இருக்கச் சொன்னார். மாமா செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு ஏறினார். கால் தானாகக் கிளச்சைத் தேடியது. அந்தக் காருக்கு விளக்குச் சமிக்ஞை கிடையாது. திரும்பும்போது கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து செம்மஞ்சள் கை ஒன்று நீளும். வலது கை வேலை செய்கிறது, இடது கை நெடுநாளாக வருவதில்லை என்றார் உரிமையாளர். மாமா ஆளியைத் திருப்பி வைத்துவிட்டு, பின்னால் எட்டி அந்தத் தூணில் முட்டிக்கையால் ஒரு குத்துக் குத்தினார். இடது கை வெளியே வந்து, விளக்கு எரிந்தது.