பந்துலு எழுப்பிய கோட்டைகள்

நம்ம சிவில் பிரிவில் எஸ்டிமேட் போடும்போது, கட்டடம் அறுபது எழுபது வருஷமாவது நிற்க வேண்டும் என்றுதான் கணக்குப் போடுகிறோம். பதினைந்து நாள் நின்றால் போதும், ஆனால் பார்த்தவன் ஆயுசுக்கும் மறக்கக் கூடாது என்று கட்டடம் எழுப்பச் சொன்ன ஒரு மனிதர் இருந்தார். அவர்தான் இயக்குநர் பி.ஆர்.பந்துலு. மதுரைக்காரனுக்கு இவரைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், கடைசியில் மதுரைக்கே வருகிறேன்.

1910-ல் கோலார் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் பந்துலு. வீட்டில் தெலுங்கு, ஊரில் கன்னடம், பிழைப்பு தேடி வந்த இடத்தில் தமிழ். வாத்தியார் வேலை பார்த்தார், நாடக மேடை ஏறினார். 1936-ல் ‘சம்சார நௌகா’ என்ற கன்னடப் படத்தில் கதாநாயகனாக நடித்தார். பிறகு பத்மினி பிக்சர்ஸ் என்று சொந்தக் கம்பெனி. 1957-ல் ‘தங்கமலை ரகசியம்’ மூலம் இயக்குநரானார். இதெல்லாம் பலருடைய வாழ்க்கையிலும் நடக்கிற சமாச்சாரம்தான். 1959-க்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம்.

அந்த வருஷம் வந்தது ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. சக்தி டி.கே.கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி கணேசன் மேடையில் நடித்துக்கொண்டிருந்த நாடகம் அது. மேடைக்கு ஒரு படுதா போதும். சினிமாவுக்கு அரண்மனை வேண்டுமே! ஆனால் பாஞ்சாலங்குறிச்சியில் அரண்மனை இல்லை. 1799-ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட வெள்ளைக்காரன், 1801-ல் கோட்டையைத் தரைமட்டமாக்கிவிட்டான். மிச்சம் அஸ்திவாரம் மட்டுமே. அதாவது, பிளானும் எலிவேஷனும் இல்லாத கட்டடத்தை எழுப்ப வேண்டிய வேலை.

கட்டபொம்மனும் கலெக்டர் ஜாக்சனும் 1798-ல் சந்தித்த இராமநாதபுரம் அரண்மனையின் கதை வேறு. அங்கே இராமலிங்க விலாசம் சுவர் ஓவியங்களோடு இன்றும் நிற்கிறது. நம்மூரிலிருந்து பஸ் ஏறினால் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் நிஜ மண்டபத்துக்குள் அந்தக் காலத்துக் காமிராவையும் பெரிய பெரிய விளக்குகளையும் நுழைப்பது லேசுப்பட்ட காரியமா? அதனால்தான் ஸ்டூடியோவில் செட் போட்டார்கள்.

செட் போடுவது நம் பாடத்துக்குத் தலைகீழ் என்று சொன்னால் மிகையாகாது. பாரம் தாங்க வேண்டிய அவசியம் இல்லை. சவுக்குக் கட்டையில் சட்டம் அடித்து, அதன்மேல் பலகையும் கோணித்துணியும் ஏற்றி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு எடுத்த பூவேலையை ஒட்டிவிட்டால் தூண் ரெடி! தட்டினால் ‘டொக் டொக்’ என்று கேட்கும். மூன்று பக்கம்தான் சுவர், நாலாவது பக்கம் காமிராவுக்கு. கூரை பெரும்பாலும் கிடையாது. மேலே பரண் கட்டி, அங்கிருந்துதான் வெளிச்சம் அடிப்பார்கள். மண்டபம் நீளமாகத் தெரிய வேண்டுமானால் பின்னால் போகப் போகத் தூண்களைச் சிறிதாக்கிக்கொண்டே போவார்கள். கண்ணுக்கு நூறடி, டேப் வைத்தால் நாற்பது! போதாததற்குக் கட்டபொம்மன் டெக்னிக்கலரில் வெளிவந்த படம். கறுப்பு வெள்ளையில் சாம்பல் பூச்சு எதையும் கல் என்று நம்ப வைத்துவிடலாம். கலரில் அந்தச் சலுகை இல்லை.

படம் பெற்ற வெற்றி ஊருக்கே தெரியும். 1960-ல் கெய்ரோவில் நடந்த விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. இன்றைக்கும் ஸ்கூல் ஆண்டுவிழாவில் ஒரு பொடியனாவது அட்டைக் கிரீடத்தோடு ஜாக்சனை மிரட்டுகிறான்.

ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. சொல்லிவிடுகிறேன். நிஜமான பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண் கோட்டை. 1801-ல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரையும் அவருடைய ஆட்களும், இடிந்து கிடந்த அந்தக் கோட்டையைச் சில நாட்களிலேயே திரும்ப எழுப்பிவிட்டார்கள். கும்பினிப் படை பார்த்துத் திகைத்துப்போனது. மார்ச் மாதம் பீரங்கியோடு வந்து மோதியும் பிடிக்க முடியவில்லை, மே மாதம்தான் விழுந்தது. சில நாளில் எழும்பி, பீரங்கிக்கு எதிரே நின்ற மண் சுவர்! எந்தக் கல் மண்டபத்துக்கு இந்தப் பெருமை உண்டு? சிவில் படிக்கிற நாம் மார்தட்டிச் சொல்ல வேண்டிய கதை இது. ஆனால் நம் மனசில் பதிந்திருப்பது பளபளக்கும் தர்பார்தான். 1974-ல் தமிழக அரசு அங்கே நினைவுக் கோட்டை கட்டியது. அதைப் பார்க்கப் போனபோது, என்னோடு வந்த பையன்கள் சினிமாவில் பார்த்த மாதிரி இல்லையே என்று முகத்தைச் சுளித்தார்கள். பந்துலு எவ்வளவு கெட்டிக்காரர் பாருங்கள், நிஜ இடத்தில் நின்றுகொண்டு செட்டைத் தேட வைத்துவிட்டார்!

1961-ல் ‘கப்பலோட்டிய தமிழன்’. இங்கே ராஜா இல்லை. கச்சேரி, கோர்ட், ஜெயில் என்று எல்லாம் சர்க்கார் கட்டடங்கள். 1908-ல் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்த கோர்ட்டைக் காட்ட வேண்டும், கோவைச் சிறையில் செக்கிழுத்ததைக் காட்ட வேண்டும். அரண்மனை என்றால் கற்பனையை அவிழ்த்துவிடலாம். கோர்ட்டும் ஜெயிலும் எப்படி இருக்கும் என்று ஜனங்களுக்கு நன்றாகவே தெரியும், ஏமாற்ற முடியாது. அதனால் இந்தப் படத்தில் அலங்காரம் அடங்கிப்போனது. என்னைக் கேட்டால் இதுதான் பந்துலுவின் நேர்மையான படம். தேசிய விருது வாங்கியது. ஆனால் வசூலில் கையைக் கடித்துவிட்டது. பாவம், மனிதர் போட்ட பணம் திரும்பவில்லை.

அதே வருஷம் கன்னடத்தில் ‘கித்தூர் சென்னம்மா’ எடுத்தார். அதுவும் இடிந்துபோன கோட்டையின் கதைதான்! 1964-ல் ‘கர்ணன்’. கலை இயக்குநர் கங்காவின் பிரம்மாண்டமான செட்டுகளை 2012-ல் அந்தப் படம் மறுபடி திரைக்கு வந்தபோது நம் தலைமுறையும் வாய் பிளந்து பார்த்தது. அடுத்த ஆண்டே எம்.ஜி.ஆரை வைத்து ‘ஆயிரத்தில் ஒருவன்’. அந்தக் கதையெல்லாம் எழுதினால் மலரில் இடம் போதாது.

சரி, மதுரைக்கு வருவோம். அகிலனின் ‘கயல்விழி’ நாவலைத் தழுவி ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ படத்தை ஆரம்பித்தார் பந்துலு. மறுபடியும் அதே சிக்கல்! நம்மூரில் நிற்கிற அரண்மனை 1636-ல் கட்டிய திருமலை நாயக்கர் மகால்தான். ரொம்ப காலம் கோர்ட்டாகவும் இருந்த கட்டடம் அது. நாயக்கருக்கு முந்நூறு நானூறு வருஷம் முந்தைய பாண்டியனின் அரண்மனை எதுவும் மிஞ்சவில்லை. அவனை நாயக்கர் தூணுக்கு நடுவே நிறுத்தினால் காலம் பொருந்தாது. மறுபடி கற்பனையில்தான் எழுப்ப வேண்டும்.

படம் முடிவதற்குள், 1974-ல், பந்துலு காலமாகிவிட்டார். மிச்சத்தை எம்.ஜி.ஆரே இயக்கி முடித்தார். 1978 பொங்கலுக்குப் படம் வெளிவந்தபோது, திரையில் பாண்டியனாக மதுரையை மீட்டவர், ஜார்ஜ் கோட்டையில் முதலமைச்சராக உட்கார்ந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது.